அவளுக்காக நான் சொன்ன பதில்

உ
சிவமயம்

நச்சாந்துபட்டி
ஹேவிளம்பி வருஷம், ஐப்பசி மாதம் 16-ந் தேதி

பினாங்கில் இருக்கும் மகன் சிரஞ்சீவி ஏகாம்பரத்துக்கு உன் ஆத்தா நாச்சம்மை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீ உடம்பு சுகத்தோடும் மன சுகத்தோடும் இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். முப்பது வருஷமாக முதலில் உன்னைப் பெற்ற அப்பச்சிக்கும் பிறகு உனக்கும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இன்று காலையிலிருந்து மூன்று தாள் எடுத்தாயிற்று, மூன்றிலும் அந்த வரி வந்ததும் கை நின்றுவிட்டது. ஆகையால் அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன். பதறாதே, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கு இல்லை.

ஆவணியில் எழுதியபோது மருமகள் சொர்ணவல்லிக்கு நெஞ்சில் கொஞ்சம் சளி, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டி ஊசி போட்டு வருகிறோம் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் உண்மை. சளி இல்லையப்பா, காச நோய். ஆடி மாதம் முழுக்கச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது, இருமல் நிற்கவில்லை, தைத்துக் கொடுத்த ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்ததில் வலது நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. உனக்கு எழுதக்கூடாது என்று அப்பச்சியைத் தடுத்தவள் நான்தான். கல்யாணமாகி நாற்பத்தெட்டாவது நாள் கப்பலேறிய பிள்ளை, அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்வான், கடை வேலையில் மூன்று வருஷத் தவணை முடிந்து வருவதற்குள் குணப்படுத்திவிடலாம், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். ஊரிலும் சளி என்றே சொல்லி வைத்தேன், இல்லாவிட்டால் நம் வீட்டில் தண்ணீர் குடிக்க யார் வருவார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆனாலும் பொறுமைசாலி, எதைக் கேட்டாலும் சொல்வார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசியைத் தினம் ஒன்றாகத் தொண்ணூறு நாள் போட வேண்டும், கூடவே இரண்டு வித மாத்திரை என்றார். பென்சிலின் போட்டால் ஆகாதா, போன வருஷம் என் தங்கை கண்ணம்மைக்கு முதுகில் வந்த கட்டி நாலே ஊசியில் வற்றிப்போயிற்றே என்று கேட்டேன். அது சீழ் வைக்கிற கிருமிகளுக்கு அம்மா, அவை பெருகும்போது மேல்தோலைச் சரியாகக் கட்டவிடாமல் செய்து சாகடிக்கும், இந்தக் கிருமியோ மெழுகு பூசிக்கொண்ட மாதிரி இருக்கிறது, பென்சிலின் இதை அண்டாது என்றார். ஸ்ட்ரெப்டோமைசினை மண்ணில் இருக்கிற ஏதோ ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கிறார்களாம், இந்தக் கிருமியைப் பெருகவிடாமல் மடக்குமாம். அது ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், பிறகு எத்தனை ஊசி போட்டாலும் கேட்காது, அதனால்தான் மூன்று மருந்தும் ஒன்றாக, காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. வயலில் கோரையை மேலோடு அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டுவைத்த கதையாகும் என்று அப்பச்சி சொன்னார்கள், எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் டாக்டர் அன்றைக்கே சொன்னார். எந்த நல்ல மருந்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு, இந்த ஊசி சிலருக்குக் காது நரம்பை வாட்டும், காதில் இரைச்சல் வந்தாலோ நடக்கும்போது தலை சுற்றினாலோ உடனே சொல்லிவிட வேண்டும் என்றார். நானும் அப்பச்சியும் தலையாட்டினோம். சொர்ணவல்லி எனக்குப் பின்னால் நின்றாள், அவளும் ஆட்டியிருப்பாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவணி முதல் தேதியிலிருந்து கம்பவுண்டர் பிச்சை திருமயத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, கண்ணாடிக் குழாயை நம் அடுப்பிலேயே கொதிக்கவைத்து, பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுவிட்டுப் போவான். வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை, பஸ்ஸில் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வருவோம். மூன்றாவது வாரமே காய்ச்சல் விட்டது, இருமலும் அடங்கியது. அந்த மாத்திரைகள் மட்டும் அவள் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தன, புளிப்புப் புளிப்பாக ஏப்பம், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள், ஆனாலும் ஒரு வேளை தவறவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஒவ்வொரு திங்களும் டாக்டர் கேட்பார், காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா என்று. அவளைப் பார்த்துத்தான் கேட்பார். நான்தான் அதெல்லாம் ஒன்றும் இல்லைங்க என்பேன். மாமியார் மாமனார் எதிரில் நிற்கும்போது வந்த மருமகள் அந்நிய ஆண்பிள்ளைக்கு வாய் திறந்து பதில் சொல்வது நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? நானும் என் மாமியார் காலத்தில் அப்படித்தான் நின்றேன், என் வயிற்றுவலிக்கெல்லாம் அவர்கள்தான் பதில் சொன்னார்கள். ஒன்பது திங்கட்கிழமை போனோம். ஒன்பது தடவை கேட்டார், ஒன்பது தடவையும் நான் சொன்னேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். முற்றத்து வெயிலில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்துகிறாள். காலையிலிருந்து இப்படித்தான், ஒரு பத்தி எழுதினால் ஒரு தரம் எழுந்து போகிறேன். அப்பச்சி கேலி செய்கிறார்கள், கடுதாசி எழுதுகிறாயா காவல் காக்கிறாயா என்று.

ஒன்றும் தெரியாமல் சொன்னேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். புரட்டாசி ஆரம்பத்தில் ஒரு நாள் பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் பக்கம் சாய்ந்து, காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். மாத்திரைச் சூடு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, வீட்டுக்கு வந்ததும் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டேன். இன்னொரு நாள் கிணற்றடியிலிருந்து வரும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்தாள், சரியாகச் சாப்பிடாத களைப்பு என்று திட்டினேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று என் மனசுக்குப் பட்டது ஏகாம்பரம். ஆனால் கண்ணம்மைக்கு நடந்தது என் கண்முன்னால் நின்றது. அவளுக்கு ஐந்தாவது பென்சிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கி மூச்சுத் திணறி, இனி உயிருள்ள வரை பென்சிலின் பக்கமே போகாதே என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்துவிட்டார்களே. அந்த மாதிரி இதைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் நோவு திரும்பிவிடும், இரைச்சல்தானே, பொறுத்துக்கொள்ளட்டும் என்று நானாகத் தீர்ப்பு எழுதினேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தவள் பிறகு சொல்லவே இல்லை. நான் எண்ணெய் விட்டதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்னும் கேவலம். புரட்டாசிக் கடைசியிலிருந்து நான் கூப்பிட்டால் அவள் வருவதில்லை. அடுக்களையிலிருந்து நாலு தரம் கத்துவேன், அசைய மாட்டாள். என் தொண்டை உனக்குத் தெரியும், வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டினது போல என்று உன் அப்பச்சி சொல்வார்கள். ஆனால் அப்பச்சி வாசல் பக்கமிருந்து அந்தக் கட்டைக் குரலில் ஒரு கனைப்புக் கனைத்தால் உடனே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நிற்பாள். எனக்கு எப்படி இருக்கும் சொல். உடம்பு தேறியதும் திமிர் வந்துவிட்டது, மாமனாருக்கு ஒரு மரியாதை, மாமியாருக்கு ஒரு மரியாதையா என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தேன். தீபாவளி கழிந்ததும் இவளை வேறு வைத்துவிடப் போகிறேன் என்று அப்பச்சியிடம் சொன்னேன். கல்யாணமான பிள்ளையும் மருமகளும் தனி அடுப்பு மூட்டிக் குடித்தனம் தொடங்குவதற்குத்தான் நம்மில் வேறு வைக்கிறது. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது அவளை மட்டும் தனி அடுப்பில் உட்காரவைப்பது என்ன மங்கலம்? கோபத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அப்பச்சி எழுந்து போய்விட்டார்கள். நான் பாத்திரங்களைக்கூடப் பிரித்து எடுத்து வைத்துவிட்டேன்.

தீபாவளியன்று காலை அவள் பிறந்த வீட்டிலிருந்து பலகாரக் கூடையும் சேலையும் வந்தன. வந்தவர்கள் போன பிறகு கூடையைக் கூடத்தில் எடுத்து வைக்கச் சொன்னேன், மூன்று தரம் சொன்னேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அந்த முதுகைப் பார்த்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். "நோவை மறைச்சு எம்புள்ள தலையில கட்டிவிட்டா ஒன்னப் பெத்தவ, நீ ஊமை வேசம் போட்டு எங்க குடியக் கெடுக்கிறே" என்றேன். பெற்றவளைச் சொன்னால் கல்லும் திரும்பும். இவள் குடத்தைத் துடைத்து முடித்து, நிதானமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கூப்பிட்டீங்களா அயித்தை?" என்று கேட்டாள்.

அவள் நடிக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து அவள்தான் ஓடி வந்து எனக்கு விசிறினாள். தனி அடுப்புப் பாத்திரத்தையெல்லாம் அன்றைக்கே பழைய இடத்தில் வைத்துவிட்டேன். முன்பு நான் அதைத் தனியாகப் பிரித்து வைத்தது நோவுக்காக என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள், என் எச்சில் மத்தவங்களுக்கு ஒட்டாம இருக்கிறது நல்லதுதானே அயித்தை என்றாள்.

அன்றைய ஊசியை வேண்டாம் என்று பிச்சையைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் காதோரம் வைத்துக் கேட்கிறதா என்றார், இல்லையென்று தலையாட்டினாள். பெரிதும் சின்னதுமாக இரும்புக் கவை போன்ற இரண்டைத் தட்டித் தட்டி வைத்துப் பார்த்தார். பெரிய கவையின் சத்தம் கேட்டது, சின்னதின் சத்தம் கேட்கவில்லை. இந்த மருந்தினால் காது போகும்போது பெரும்பாலும் மெல்லிய, உச்சியில் ஒலிக்கிற சத்தம்தான் முதலில் போகும், பெண்கள் குரல், குழந்தைகள் குரல், குருவிச் சத்தம், கனத்த ஆண் குரல் கடைசியில்தான் போகும் என்றார். அப்பச்சியின் கனைப்புக்கு எழுந்ததும் எனக்கு எழாததும் அதனால்தான். போனது திரும்பாது என்றார். ஊசியை நிறுத்தினாலும் சில வாரம் வரை இன்னும் கொஞ்சம் குறையக்கூடும், அதற்குப் பிறகு நிற்க வேண்டும் என்றார். வேண்டும் என்றுதான் சொன்னார், நிற்கும் என்று சொல்லவில்லை. நான் வாரா வாரம் கேட்டேனே அம்மா என்று என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், எனக்கு அவள் காது கெட்ட பிறகு புத்தி.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இன்னும் இருபத்து நாலு ஊசி பாக்கி. மேலும் போட்டால் நோவு அடங்குவது கூடுதல் நிச்சயம், காது இன்னும் போகலாம். இத்தோடு நிறுத்திவிட்டால் இரண்டு மாத்திரையை மட்டும் நம்பி ஒன்றரை வருஷம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், அதில் கால் மரத்துப் போகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதும் நோவு திரும்பாது என்று எழுதித் தர முடியாது என்றார். நான் பழைய வழக்கப்படி வாயைத் திறந்துவிட்டேன், உயிர்தாங்க பெரிசு, ஊசியைப் போடுங்க என்று பாதி சொல்லிவிட்டேன். அப்பச்சி என் கையைப் பிடித்தார்கள். பொது இடத்தில் அவர்கள் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நீ பேசுனது போதும், அந்தப் புள்ள சொல்லட்டும்" என்றார்கள்.

டாக்டர் அவள் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கனத்த குரலில் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது போலிருக்கிறது, வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். "ஊசி வேண்டாங்க. மாத்திரைய எத்தனை வருசம்னாலும் சாப்பிடுறேன். அவுங்க வந்து பேசுனா எனக்குக் கேக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு மாமனார் நிற்பது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள். அப்பச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள்.

அன்றோடு ஊசி நின்று ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் ஒருமுறை இருமினால் எழுந்து ஓடுகிறேன், இருமாவிட்டால் மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்க்கிறேன். மாத்திரையை நானே எடுத்துக் கையில் கொடுத்து விழுங்கும் வரை நிற்கிறேன். கேட்கிறதா கேட்கிறதா என்று அப்பச்சியை நூறு தரம் அவளைக் கூப்பிடச் சொல்கிறேன், அவர்களுக்கே அலுத்துவிட்டது. நேற்று வரை அவர்கள் கூப்பிட்டால் திரும்பினாள். இன்று காலை இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். ஏதோ நினைவில் இருந்திருப்பாள் என்கிறார்கள் அப்பச்சி. அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் நான் தாளை எடுத்தேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் தொண்டைப் புண்ணுக்கு யாரோ சினேகிதன் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் விழுங்கி, வலி விட்டதும் மிச்சத்தை டப்பாவில் வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அதைத் தூக்கி எறி. இனி டாக்டரிடம் போ, எந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குச் சொல், கொடுத்ததை முழுசாகச் சாப்பிடு, உடம்பில் என்ன செய்தாலும் வெட்கப்படாமல் உன் வாயாலே சொல். இந்தப் புத்தியெல்லாம் எனக்கு எந்த விலையில் வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

நம் பங்காளி வீடுகளில் மூன்று வருஷத் தவணை முடியாமல் திரும்பியவன் இல்லை, நடுவில் வருகிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும் என்று உன்னைக் கப்பலேற்றும்போது நாகப்பட்டினத்தில் வைத்து நானே சொன்னேன். இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. அந்தச் சொல்லை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல், அவரும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்தான். அவர் சம்மதித்தாலும் சரி, முறைத்தாலும் சரி, அடுத்த கப்பலில் ஏறு. ஊர் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு என் வாய் போதும். அந்த நாற்பத்தெட்டு நாளில் நீங்கள் இருவரும் எங்கள் எதிரில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கதவுக்கு உள்ளே நீ அவளிடம் என்ன பேசினாயோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதை இன்னொரு தரம் கேட்பதற்காக அவள் தன் நெஞ்சைப் பணயம் வைத்திருக்கிறாள்.

கப்பல் கிடைக்கும் வரை எழுதும் கடிதத்தை எனக்கும் அப்பச்சிக்கும் எழுதாதே, அவள் பெயருக்கே விலாசமிட்டு எழுது. வழக்கமில்லைதான். தபால்காரர் கையிலிருந்து அவளே வாங்கட்டும், நான் பிரிக்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எல்லாத் தெய்வமும் உனக்குக் காவல் இருக்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும், அவளும் உன்னோடு இருக்க வேண்டும். மற்றவர்கள் வருகிற மாதிரி பெட்டி பெட்டியாகச் சாமான் சேர்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதே, ஒன்றும் கொண்டுவர வேண்டாம். இன்றைக்கு உன் குரல் அவளுக்குக் கேட்கும். அடுத்த மாதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் ஆத்தா
நாச்சம்மை